இணைய வளங்களைக் கொண்டு எண்ணிம வரைபடம் கற்பித்தல்: கிளாவரையைப் பயிற்சி நிலமாகக் கொள்ளும் முறை

எண்ணிம வரைபடம் என்பது காகித வரைபடத்தின் கணினிப் படி அன்று. சாலை, ஓடை, வீடு, உழவு நிலம் என நிலத்தின் ஒவ்வொரு கூறும் தன் ஆள்கூற்றையும், அதாவது தன் இருப்பிடத்தைச் சொல்லும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும், தன்னைப் பற்றிய பிற தகவல்களையும் ஏந்தித் தனித்தனி அடுக்குகளில் அமைந்திருக்க, அவ்வடுக்குகளை வேண்டியவாறு ஒன்றன்மேல் ஒன்று வைத்து வினாக்களுக்கு விடை காண இடந்தரும் தரவுத் தொகுதியே எண்ணிம வரைபடமாகும். இத்தகைய தொகுதிகளை உருவாக்கவும் சேமிக்கவும் ஆராயவும் உதவும் முறைமை புவித்தகவல் அமைப்பு என்றும், சுருக்கமாக ஜிஐஎஸ் என்றும் வழங்கப்படுகிறது. மென்பொருளின் உரிமக் கட்டணமும் செயற்கைக்கோள் படங்களின் விலையும் இக்கல்வியை ஒருசில துறைகளுக்குள் அடைத்து வைத்திருந்த காலம் முடிந்துவிட்டது. அமெரிக்காவின் லேண்ட்சாட் படக் களஞ்சியம் 2008-இல் கட்டணமின்றித் திறக்கப்பட்டது. 2002-இல் தொடங்கப்பட்ட கியூஜிஐஎஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் இன்று சாதாரண மடிக்கணினியிலும் இயங்குகிறது. இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இந்திய நிலப்பரப்பின் படங்களை இணையத்தில் காட்டிவருகிறது.

வளங்கள் பெருகியபோதும் கற்பித்தலில் ஒரு குறை நீடிக்கிறது. இணையப் பாடங்கள் பெரும்பாலும் தம்முடன் ஒரு மாதிரித் தரவையும் தருகின்றன. மாணவர் ஒருபோதும் காணாத ஏதோ ஒரு நகரத்தின் தெருக்களும் எல்லைகளும் பிழை நீக்கப்பட்டு, பாடத்தின் ஒவ்வொரு படியும் எதிர்பார்த்த விடையையே தருமாறு அதில் ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும். அத்தரவைக் கொண்டு பயில்பவர் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதைக் கற்றுக்கொள்வாரேயன்றி, திரையில் தோன்றும் படம் நிலத்தோடு பொருந்துகிறதா என்று ஐயுறக் கற்பதில்லை. எனவே இவ்வியல் வேறொரு வழியைப் பரிந்துரைக்கிறது. வகுப்பு சென்றடையக்கூடிய ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, இணையத்தில் கிடைக்கும் ஒவ்வொரு வளத்தையும் அவ்வூரைப் பற்றிப் பேசவைத்து, அது சொல்வதை நிலத்தில் நின்று சரிபார்ப்பதே அவ்வழி. பழனி மலையின் மேற்கு விளிம்பிலுள்ள கிளாவரை அதற்கான எடுத்துக்காட்டாக இங்கே கொள்ளப்படுகிறது.

ஊரைத் தேர்தல்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி வழியாக மேற்கே செல்லும் சாலை கிளாவரையில் முடிகிறது. அதற்கப்பால் வாகனச் சாலை இல்லை. மலைப்பாதையில் நடந்தால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள வட்டவடை, கோவிலூர்ப் பக்கம் இறங்கலாம். சுற்றிலும் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் விளையும் படிக்கட்டு நிலங்கள். அவற்றுக்கு மேலே வாட்டில், யூகலிப்டஸ், பைன் ஆகிய அயல் மரங்களின் தோட்டங்கள். மலை மடிப்புகளில் ஓடைகளை ஒட்டிய சோலைகள். எஞ்சிய சரிவுகளில் புல்வெளி. இப்பகுதியில் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஒரு பயிற்சி நிலத்திடம் ஆசிரியர் எதிர்பார்க்க வேண்டியது அழகு அன்று. வரைபடக் கலையின் கடினமான வினாக்கள் நெருக்கமாக அமைந்திருப்பதுதான். கிளாவரையில் இரு மாநிலங்களின் எல்லை அருகே செல்வதால் ஒரு மாநில அரசின் தரவுத்தளம் பாதி மலையோடு நின்றுவிடுகிறது. சரிவு மிகுதியால் செயற்கைக்கோள் படத்தில் நிழல் விழுகிறது. ஆண்டின் பெரும்பகுதி மேகமும் மூடுபனியும் மறைக்கின்றன. இயற்கைச் சோலையும் நட்டு வளர்த்த தோட்டமும் வானிலிருந்து பார்க்க ஒரே பச்சையாகத் தெரிகின்றன. சமவெளி ஊர் ஒன்றை எடுத்துக்கொண்டால் இவற்றில் ஒன்றிரண்டையே மாணவர் எதிர்கொள்வர். கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் 1984 முதல் இயங்கிவரும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் போன்ற கல்வி நிறுவனத்தின் மாணவியருக்கு இவ்வூர் ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் உள்ளது. மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ வருபவர்கள் ஓர் இரவாவது மலையில் தங்கும்படி திட்டமிடுவது நல்லது.

வளங்களை அறிதல்

இணைய வளங்களைத் தளங்களின் பெயர் வரிசையில் அறிமுகப்படுத்துவதைவிட, அவை செய்யும் பணியைக்கொண்டு பிரித்துக் காட்டுவதே மாணவர் மனத்தில் நிற்கும். சில தளங்கள் தரவைத் தருகின்றன, சில கருவியைத் தருகின்றன, சில பாடத்தைத் தருகின்றன. இம்மூன்றும் தனித்தனி என்பது தெளிவாகாத நிலையில், கூகுள் எர்த்தில் ஊரைப் பார்த்ததையே வரைபடம் செய்ததாக மாணவர் கருதிவிடுகின்றனர்.

பாடங்களைப் பொறுத்தவரை இந்திய மாணவருக்கு மூன்று வாயில்கள் உள்ளன. டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் 2007 முதல் நடத்திவரும் தொலைவழிப் பயிற்சிகள் சான்றிதழுடன் அமைந்தவை, கோட்பாட்டில் வலுவானவை. என்பிடெல் தளத்தின் பாடங்கள் ஒரு பருவம் முழுவதும் தொடரும் விரிவுரைகளாக உள்ளன. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம், பல இந்திய மொழிகளில் ஒலிச்சேர்க்கை செய்யப்படும் குறுங்காணொளிகளின் வழியாக, காணொளியை நிறுத்தி நிறுத்தி அதே செயலைத் தம் கணினியில் செய்துபார்க்கும் பழக்கத்தை உண்டாக்குகிறது. இவற்றுடன், உஜவல் காந்தி எழுதி வெளியிட்டுவரும் கியூஜிஐஎஸ் பயிற்சிக் குறிப்புகள் படிப்படியான செய்முறைக்குப் பெரிதும் உதவுவன. ஆசிரியர் இவற்றுள் ஒன்றையே முதன்மைப் பாடமாகக் கொண்டு, மற்றவற்றை ஐயம் எழும்போது நாடும் துணையாக வைத்துக்கொள்ள வேண்டும். நான்கையும் ஒருசேரக் கொடுத்தால் மாணவர் காணொளிகளைப் பார்த்துக்கொண்டே பருவத்தைக் கழித்துவிடுவர். எதைப் பயின்றாலும், பாடத்தின் மாதிரித் தரவை நீக்கிவிட்டு அதே செய்முறையைக் கிளாவரையின் தரவில் செய்துகாட்ட வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே விதியாக்கிவிடுவது பயனளிக்கும்.

ஆள்கூறும் கோட்டுச்சட்டமும்

உருண்டையான புவிப்பரப்பைத் தட்டையான படத்தில் கொண்டுவரும் கணித முறை கோட்டுச்சட்டம் எனப்படும். தொடக்க நிலை மாணவருக்கு வறட்சியாகத் தோன்றும் இப்பகுதியை விளக்கத் திண்டுக்கல் மாவட்டமே ஓர் அரிய வாய்ப்பைத் தருகிறது. உலகம் முழுவதும் பயன்படும் யுடிஎம் முறை, புவியை ஆறு பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மீட்டர் அளவில் தனி ஆள்கூறுகளைத் தருகிறது. அவற்றில் 43-ஆம் மண்டலமும் 44-ஆம் மண்டலமும் சந்திக்கும் கோடு 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை. கிளாவரையும் கொடைக்கானலும் அக்கோட்டுக்கு மேற்கே 43-இல் உள்ளன. மதுரை நகரமும் அதே திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த நத்தமும் கிழக்கே 44-இல் உள்ளன. மதுரையில் பயிலும் மாணவர் தம் நகரத்துக்குப் பழகிய மண்டலத்தை மாற்றாமல், கிளாவரையின் 43-ஆம் மண்டல எண்களை 44-ஆம் மண்டல எண்களாகக் கணினிக்குக் கொடுத்துவிட்டால், ஊர் ஆறு பாகை கிழக்கே, அதாவது 650 கிலோமீட்டருக்கும் அப்பால், இலங்கையையும் தாண்டி வங்காள விரிகுடாவில் போய் விழும். வகுப்பில் இப்பிழையை வேண்டுமென்றே செய்துகாட்டுவது நல்லது. கடலுக்குள் போய்விட்ட மலையூரைத் திரையில் கண்ட மாணவர் பிறகு ஒருபோதும் மண்டல எண்ணைப் பார்க்காமல் கடந்துசெல்வதில்லை.

இதனினும் நுட்பமான பிழை பழைய நில அளவைப் படங்களைப் பயன்படுத்தும்போது நேர்கிறது. வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னையில் தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் வழிவந்த இந்திய இடவிளக்கப் படங்கள், புவியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய கைபேசியின் ஜிபிஎஸ் கருவியோ டபிள்யூஜிஎஸ் 84 என்னும் வேறொரு மாதிரியைக் கொள்கிறது. மாற்றக் கணக்கீடு செய்யாமல் பழைய படத்தின் மீது புதிய புள்ளிகளை இட்டால் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட விலகல் உண்டாகி, ஓடையின் இக்கரையிலுள்ள கோயில் அக்கரைக்குப் போய்விடும். முன்னைய பிழை கண்ணுக்கு உடனே தெரியும், இது தெரியாது. மலைச்சரிவில் நூறு மீட்டர் என்பது ஒரு படிக்கட்டு நிலத்தொகுதிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி என்பதை நினைவூட்டி, எந்தப் பழைய படத்தைச் சேர்த்தாலும் இன்றும் மாறாதிருக்கும் சில இடங்களில் அது பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே தொடருமாறு பழக்க வேண்டும்.

ஊரின் அடிப்படைப் படம்

அடிப்படைப் படத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளமே முதல் தேர்வு. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய இத்திட்டத்தில் யார் வேண்டுமானாலும் சாலையையோ வீட்டையோ பெயரையோ சேர்க்கலாம், சேர்த்ததை யாரும் கட்டணமின்றிப் பதிவிறக்கிப் பயன்படுத்தலாம். மாணவர் பயன்படுத்துநராக மட்டும் நில்லாமல் ஆக்குநராகவும் ஆவது இங்கேதான் நிகழ்கிறது. 2014-இல் மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய யூத்மேப்பர்ஸ் அமைப்பு, உலகின் பல நாட்டுக் கல்லூரி மாணவரை இதே வழியில் வரைபடப் பணியில் ஈடுபடுத்தியிருக்கிறது. செயற்கைக்கோள் படத்தைப் பின்னணியில் வைத்து வீடுகளின் கூரைகளையும் சாலைகளையும் வரைவதை வகுப்பறையிலேயே முடித்துவிடலாம். ஆனால் இத்தளத்தில் வரைய அனுமதி பெற்ற படங்களிலிருந்து மட்டுமே வரைய வேண்டும். கூகுள் எர்த்தின் படத்தைப் பார்த்து வரைந்து இதில் சேர்ப்பது உரிம மீறல் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். திறந்த தரவு என்பது பிறர் உரிமையைக் கருதாத தரவு அன்று.

கூரைகளை வரைவது எளிது. அவற்றுக்குப் பெயரிடுவதற்கு ஊர் வேண்டும். ஒரு தெரு, ஒரு மேடு, ஒரு கோயில், ஒரு நீர்ச்சுனை ஆகியவற்றை ஊரார் எப்படி அழைக்கிறார்கள் என்பது எந்த வானப் படத்திலும் இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயருக்கெனத் தனி இடம் உள்ளது. ஊராரின் வழக்கைக் கேட்டு அதை நிரப்புவது, பல்கலைக்கழக மாணவர் அத்தளத்துக்கு ஆற்றக்கூடிய மிகப் பெரிய பணி.

தமிழில் பெயர் எழுதும்போது ஒரு தொழில்நுட்பத் தடை குறுக்கிடும். பரவலாகப் பயன்படும் ஷேப்ஃபைல் என்னும் பழைய கோப்பு வடிவத்தில் தரவுப் பத்தியின் தலைப்புக்குப் பத்து பைட் இடமே உண்டு. யுனிகோடின் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் கொள்வதாலும், உயிர்மெய் எழுத்துகள் பல இரு குறிகளாகவே சேமிக்கப்படுவதாலும், கிளாவரை என்ற சொல்லுக்கு மட்டும் 21 பைட் வேண்டும். எனவே தமிழ்த் தலைப்புகள் நடுவில் அறுபட்டுப்போகும். குறியாக்கம் குறிப்பிடப்படாத கோப்பு வேறொரு கணினியில் திறக்கப்படும்போது பெயர்கள் யாவும் பொருளற்ற குறிகளாகத் தெரியும். ஜியோபேக்கேஜ் என்னும் புதிய வடிவத்தில் இத்தொல்லை இல்லை. தமிழில் வேலை செய்யும் வகுப்பு தொடக்கத்திலிருந்தே ஜியோபேக்கேஜை மேற்கொள்வதே முறை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்களுக்கு இத்தேவை எழுவதில்லை என்பதால், இதை ஆசிரியர்தாம் நினைவில் வைத்திருந்து சொல்ல வேண்டும்.

நிலப்போர்வையைப் பிரித்தறிதல்

இந்தப் பயிற்சியின் நடுநாயகமான பகுதி நிலப்போர்வை வகைப்பாடு. ஒரு செயற்கைக்கோள் படத்தின் ஒவ்வொரு பிக்சலும், அதாவது படத்தின் மிகச்சிறு சதுரக் கூறும், காடா புல்லா வயலா நீரா என்று கணினியைக் கொண்டு தீர்மானிப்பதே இவ்வகைப்பாடு. கிளாவரையைச் சூழ்ந்த மேல்பழனிப் பகுதியில் இது வெறும் பயிற்சி அன்று. மு. அரசுமணி, வி.வி. ராபின் முதலான ஆய்வாளர்கள் 2018-இல் பிளாஸ் ஒன் என்னும் திறந்த ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, செயற்கைக்கோள் படங்களின் துணையுடன் 1973 முதல் 2014 வரையிலான நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் மலைப்புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதைக் காட்டியது. மரத்தோட்டங்களும் வேளாண்மையுமே அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. கட்டணமின்றிக் கிடைக்கும் இக்கட்டுரையை மாணவர் முதலில் முழுமையாகப் படிக்க வேண்டும். பிறகு அதன் முறையைக் கிளாவரையைச் சுற்றிய சிறு சதுரம் ஒன்றில் தாமே செய்துபார்த்து, தாம் பெறும் விடை எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்று ஆராய வேண்டும்.

தொடங்குமுன் பிக்சலின் அளவை மாணவர் அறிந்த அலகில் சொல்லிவிடுவது நல்லது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015 முதல் அனுப்பிவரும் படங்களில் ஒரு பிக்சல் பத்து மீட்டர் சதுரம், ஏறத்தாழ இரண்டரை சென்ட் நிலம். லேண்ட்சாட்டின் இன்றைய படங்களில் அது முப்பது மீட்டர் சதுரம், 22 சென்ட். 1973-ஆம் ஆண்டின் லேண்ட்சாட் படம் இன்று அறுபது மீட்டர் பிக்சலாக வழங்கப்படுகிறது. அது ஏறக்குறைய 89 சென்ட். ஒரு குடும்பத்தின் பூண்டு நிலம் முழுவதும் அந்நாளைய படத்தில் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடலாம். அப்புள்ளியின் பாதி புல்லாகவும் பாதி வயலாகவும் இருந்தால் கணினி அதற்கு ஏதேனும் ஒரு பெயரையே சூட்டும். இருவேறு காலப் படங்களை ஒப்பிடும்போது நுண்ணிய படத்தைப் பருமனான படத்தின் அளவுக்குக் கொண்டுவர வேண்டிய காரணம் இங்கிருந்து தானாகவே விளங்கும். படிக்கட்டு நிலத்தின் ஒரு படி பத்து மீட்டருக்கும் குறுகலாக இருக்குமிடத்தில் சென்டினலாலும் அதைத் தனித்துக் காண இயலாது என்பதையும் உடன்சொல்ல வேண்டும்.

அடுத்தது காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே இம்மலையில் மேகமற்ற படம் கிடைக்க ஏற்றவை. ஆனால் அம்மாதங்களில் புல் காய்ந்து பழுப்பாகிவிடுவதால், அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் வயலிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். செயற்கைக்கோள் காலை பத்தரை மணியளவில் கடந்துசெல்லும்போது சூரியன் தென்கிழக்கே தாழ்ந்திருப்பதால் வடமேற்கு நோக்கிய செங்குத்துச் சரிவுகள் இருண்டு, அங்குள்ள புல்வெளிகூடக் காடுபோலத் தோன்றும். மழைக்காலப் படம் புல்லையும் வயலையும் பிரித்துக் காட்டக்கூடியது. ஆனால் அது மேகத்தினிடையே கிடைக்க வேண்டும். ஆகவே ஒரே படத்தை நம்பாமல் ஓராண்டின் பல படங்களிலிருந்து மேகமற்ற பிக்சல்களைப் பொறுக்கிச் சேர்ப்பது வழக்கம். கூகுள் எர்த் எஞ்ஜின் என்னும் இணையவழிக் கணிப்புத் தளம் இவ்வேலையைத் தன் கணினிகளிலேயே செய்து முடித்து விடையை மட்டும் அனுப்புவதால், பெருங்கோப்புகளைப் பதிவிறக்க இயலாத மலைப்பகுதிக் கல்லூரிக்கு அது பெருந்துணையாகிறது. கல்விப் பயன்பாட்டுக்கு அது கட்டணமற்றது. முன்பதிவு மட்டும் வேண்டும்.

பச்சையத்தின் அளவைச் சொல்லும் என்டிவிஐ என்னும் குறியீட்டெண்ணை மாணவர் விரைவில் கற்றுக்கொள்வர். இலைகள் சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பியனுப்புகின்றன. அவ்விரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் எண் அடர்ந்த தாவரத்தில் ஒன்றை நெருங்கும், வெற்று நிலத்தில் பூச்சியத்தை நெருங்கும். இதன் எளிமையே மேல்பழனியில் மாணவரை ஏமாற்றுகிறது. தலைமுறைகள் பலவாக வளர்ந்த சோலையும் சில ஆண்டுகளில் மண்டிய வாட்டில் தோப்பும் இவ்வெண்ணில் ஏறத்தாழ ஒன்றாகவே நிற்கும். பிரித்தறிய வேறு தடயங்கள் வேண்டும். சோலை மலை மடிப்புகளிலும் நீரோடைகளின் தலைப்பிலும் ஒதுங்கி நிற்பது. நட்ட தோட்டம் முகடுகளின் மீதும் நேர்க்கோட்டு எல்லைகளோடும் பரவக்கூடியது. எனவே நிறத்தோடு நிலத்தின் வடிவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு எண்ணிம உயர மாதிரி, அதாவது ஒவ்வொரு பிக்சலிலும் நிறத்துக்குப் பதிலாகக் கடல்மட்ட உயரத்தைக் கொண்ட படம், தேவைப்படுகிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் தரவும், இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1 தந்த உயரத் தரவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அடர்ந்த மரங்கள் உள்ள இடத்தில் ரேடார் பெரும்பாலும் தரையை அளக்காமல் மரத்தலைப்பை ஒட்டிய உயரத்தையே அளக்கிறது என்ற எச்சரிக்கையோடு அவற்றைக் கொடுக்க வேண்டும்.

இவ்விடத்தில் மாணவர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அதுவே இவ்வியலில் மிகவும் அழுத்திச் சொல்லத்தக்கது. ஒரு வகைப்பாட்டுக்குக் கொடுக்கும் வரையறையே அதன் விடையை ஓரளவு முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது. இந்திய வன அளவை நிறுவனத்தின் அறிக்கைகள், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மரக்கவிகை பத்து விழுக்காட்டுக்கு மேல் உள்ள நிலத்தை, அதன் உரிமையோ மரவகையோ எதுவாயினும், வனப்போர்வை என்று கணக்கிடுகின்றன. நாடு முழுமைக்குமான மதிப்பீட்டுக்கு அவ்வரையறை ஏற்றதே. ஆனால் அதே அளவுகோலோடு மேல்பழனியைப் பார்த்தால், புல்வெளி வாட்டில் தோப்பாக மாறிய ஒவ்வோர் ஏக்கரும் காடு வளர்ந்ததாகவே பதிவாகும். சோலையும் புல்வெளியும் சேர்ந்து நீரைப் பிடித்துவைக்கும் மலையில் அம்மாற்றம் ஓர் இழப்பு என்பதைச் சொல்லக்கூடியது, புல்வெளியைத் தனி வகையாக எண்ணிய வரைபடம் மட்டுமே. ஆகையால் மாணவர் கணினியைத் தொடுமுன் தாம் பிரிக்கப்போகும் வகைகளையும் ஒவ்வொன்றின் வரையறையையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் அவ்வேட்டைத் திருத்துவதற்குச் செலவிடும் நேரம், மென்பொருளைக் கற்பிக்கும் நேரத்தைவிடக் குறைவாக இருக்கலாகாது.

வகைப்பாடு முடிந்ததும் அதன் துல்லியத்தை அளக்க வேண்டும். கணினிக்குக் கற்றுக்கொடுக்கப் பயன்படுத்திய இடங்களையே சோதனைக்கும் பயன்படுத்துவது புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு. சோதனைப் புள்ளிகள் தனியே, எல்லா வகைகளிலிருந்தும், முன்னறிவின்றித் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். பின்னர்ப் படம் சொன்னதையும் நிலம் சொன்னதையும் அட்டவணையாக்கினால், எந்த வகை எந்த வகையோடு குழம்பியது என்பது தெரியவரும். மொத்தத் துல்லியம் எத்தனை விழுக்காடு என்ற ஒற்றை எண்ணைவிட, சோலையும் வாட்டிலும் எத்தனை இடங்களில் இடம்மாறின என்பதே பயனுள்ள விடை.

நிலத்தில் நிற்கும் நாள்

களப்பணிக்குச் செல்லுமுன் இணையம் கிடைக்காது என்றே எண்ணிக்கொண்டு எல்லாவற்றையும் ஆயத்தம் செய்வது நன்று. மலைமடிப்புகளில் கைபேசி அலைவரிசை விட்டுவிட்டுத்தான் வரும். கியூஜிஐஎஸ் மென்பொருளில் ஆக்கிய படத்தைக் கைபேசிக்குக் கொண்டுசெல்ல கியூஃபீல்டு என்னும் கட்டற்ற செயலி உதவுகிறது. பின்னணிப் படங்களையும் முன்கூட்டியே அதில் ஏற்றிவிடலாம். கைபேசியின் ஜிபிஎஸ் திறந்தவெளியில் சில மீட்டர் பிழையோடு இடங்காட்டும். சோலைக்குள் மரக்கவிகையும் மலைச்சுவரும் செயற்கைக்கோளின் குறிகையை மறைப்பதால் பிழை பன்மடங்காகும். அங்கே ஒரே இடத்தில் சிறிது நேரம் நின்று பல அளவீடுகளின் சராசரியை எடுப்பதோ, சோலையின் விளிம்பில் நின்று திசையையும் தொலைவையும் குறித்துக்கொள்வதோ ஏற்றது. அச்சிட்ட காகிதப் படம் ஒன்று ஒவ்வொரு குழுவிடமும் இருக்க வேண்டும். மின்கலம் தீர்ந்தபோது உதவும் என்பதற்காக மட்டுமன்று. ஊரின் பெரியவர்கள் கைபேசித் திரையைவிடக் காகிதத்தின் மீது விரலை வைத்து எல்லையையும் வாய்க்காலையும் எளிதாகச் சொல்வார்கள்.

கிளாவரையைச் சூழ்ந்த காட்டின் பெரும்பகுதி வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. கொடைக்கானல் வனவுயிர்ச் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. எனவே காட்டெல்லைக்குள் செல்லும் பயிற்சிக்கு முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி பெற வேண்டும். அனுமதி கிடைக்காத இடங்களைச் சாலையோரத்திலிருந்தும் வயல்வரப்பிலிருந்தும் பார்த்துக் குறிக்கும்படி சோதனைப் புள்ளிகளை அமைத்துக்கொண்டால் போதும். ஊருக்குள் செல்வதற்கும் முன்னறிவிப்பு தேவை. ஊராட்சித் தலைவரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் வரவின் நோக்கத்தைச் சொல்லி, எந்தத் தகவல் சேகரிக்கப்படும், அது எங்கே வெளியிடப்படும் என்பதைத் தெளிவாக்கிய பின்னரே அளவையைத் தொடங்க வேண்டும். நில அளவைக் கருவியைக் கண்டவுடன் பட்டா, எல்லை, கையகப்படுத்தல் பற்றிய அச்சம் எழுவது மலையூர்களில் இயல்பே. அவ்வச்சத்தைப் போக்கும் பொறுப்பு ஆசிரியருடையது; மாணவரிடம் விட்டுவிடக் கூடாது.

நீரோட்டம் பற்றிய ஒரு சிறு பயிற்சியைக் களத்திலேயே செய்துமுடிக்கலாம். உயர மாதிரியிலிருந்து மென்பொருள் தானாகவே ஓடைகளையும் நீர்ப்பிரிமேட்டையும் வரைந்து தரும். மேல்பழனியின் வடமேற்குச் சரிவு நீர் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு வழியாக அமராவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் போகிறது. தெற்குச் சரிவு நீர் வைகைக்குப் போகிறது. கணினி வரைந்த பிரிமேட்டின் மீது மாணவர் நடந்துபார்த்து, அது எங்கே ஒரு சாலை வெட்டாலோ படிக்கட்டு நிலத்தாலோ இடம்பெயர்ந்திருக்கிறது என்று குறித்தால், உயர மாதிரியின் முப்பது மீட்டர் பிக்சலுக்குள்ள வரம்பு அவர்களுக்கு நன்றாகப் பதியும்.

சட்டமும் நெறியும்

இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2021 பிப்ரவரி 15 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இந்தியர் தம் நாட்டின் புவித்தரவைத் திரட்டவும் வெளியிடவும் முன்னர்த் தேவைப்பட்ட அனுமதிகளைப் பெருமளவு நீக்கின. பாதுகாப்பு சார்ந்த குறிப்பிட்ட இடங்களைப் பெயரிட்டுக் காட்டலாகாது என்ற கட்டுப்பாடு தொடர்கிறது. நாட்டின் எல்லையை இந்திய நில அளவைத் துறையின் படத்துக்கு மாறாகக் காட்டுவது 1961-ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டப்படி தண்டனைக்குரியது. வெளிநாட்டுத் தளங்களிலிருந்து இறக்கும் எல்லைக் கோப்புகள் பலவும் இதில் வேறுபடுவதால், மாணவரின் படத்தில் இந்தியா முழுவதையும் காட்டும் சிறுபடம் இருந்தால் அதன் எல்லையை நில அளவைத் துறையிடமிருந்தே பெற வேண்டும். கிளாவரைக்கு மேற்கே செல்லும் மாநில எல்லைக்கும் அதே மூலத்தையே கொள்வது முறை.

சட்டம் தடுக்காத சிலவற்றையும் வெளியிடாமல் இருப்பது நெறியாகும். அரிய ஆர்க்கிட் செடி நிற்கும் சரியான இடம், தேன்கூடுகள் தொங்கும் பாறை, பழங்குடியினரின் வழிபாட்டிடம், வீட்டோடு சேர்த்த குடும்பப் பெயர் ஆகியவை பொதுத்தளத்தில் ஏறிவிட்டால் திரும்பப் பெற இயலாதவை. களத்தில் இவற்றைக் கேட்டறிந்த மாணவர், வெளியிடுவதற்கான அடுக்கிலிருந்து அவற்றை நீக்கி, ஊராருக்கு மட்டும் கொடுக்கும் தனிப் படத்தில் வைக்க வேண்டும்.

மதிப்பீடும் ஒப்படைப்பும்

மாணவரின் பணியை மதிப்பிடும்போது படத்தின் நிறப்பொலிவுக்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணே ஒதுக்க வேண்டும். வகைகளின் வரையறை, பிழை அட்டவணை, களக்குறிப்பு, பயன்படுத்திய ஒவ்வொரு தரவின் மூலமும் தேதியும் உரிமமும் கொண்ட விவரக் குறிப்பு ஆகிய நான்கும் சேர்ந்து பாதிக்கு மேற்பட்ட மதிப்பெண்ணைப் பெறட்டும். பரப்பளவு கணக்கிட்டிருந்தால் அது தட்டைப் பரப்பா சரிவுப் பரப்பா என்று மாணவர் குறிப்பிட்டிருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும்; முப்பது பாகைச் சரிவில் நிலத்தின் உண்மைப் பரப்பு படத்தில் தோன்றுவதைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதலாகும், உழுபவர் உழுவது அந்தக் கூடுதலையும் சேர்த்துத்தான்.

பருவத்தின் முடிவில் படத்தின் அச்சுப்படி ஒன்றைத் தமிழ்ப் பெயர்களோடு பெரிய அளவில் எடுத்து ஊராட்சி அலுவலகத்துக்கும் ஊர்ப்பள்ளிக்கும் கொடுக்க வேண்டும். அச்சிடுமுன் படத்தை இன்னொரு கணினியில் ஒருமுறை திறந்து, கொம்பும் காலும் பிரிந்து நிற்காமல் எழுத்துகள் சரியாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது தேவை. தரவுக் கோப்பு ஜியோபேக்கேஜ் வடிவில், விவரக் குறிப்போடு சேர்த்துத் துறையில் வைக்கப்பட வேண்டும். அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதே சதுரத்தை, அதே சோதனைப் புள்ளிகளில், அதே மாதத்துப் படங்களைக் கொண்டு மீண்டும் அளக்குமானால், ஐந்தாறு ஆண்டுகளில் கிளாவரையின் புல்வெளி எங்கே நிற்கிறது, வாட்டில் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதற்கு ஆண்டுவாரியான பதிவொன்று வகுப்பை நடத்தும் கல்வி நிறுவனத்தின் கையில் இருக்கும்.